விரலுக்கு எத்தனை சதவீதம்

1923ல் வந்து, பிறகு பலமுறை திருத்தப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பின்பக்கங்களில் ஓர் அட்டவணை இருக்கிறது. கட்டை விரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ என்றால் 7. ஒரு கையின் நான்கு விரல்களும் சேர்ந்து போனால் 50. இரண்டு கைகளும் போனால் நூற்றுக்கு நூறு. சம்பாதிக்கும் திறனில் இவ்வளவு குறைந்துவிட்டது என்று பொருள். பின்னால் வந்த இ.எஸ்.ஐ. சட்டமும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் வைத்துக்கொண்டது. திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ பவர் பிரஸ் ஓட்டுகிறவருக்குச் சட்டத்தின் பெயர் தெரியாமல் இருக்கலாம். ‘பர்சன்டேஜ் போட்டாங்களா?’ என்ற கேள்வி மட்டும் எல்லோர் காதிலும் விழுந்திருக்கும்.

இன்னோர் அட்டவணை அமெரிக்காவில் பிறந்தது. மைக் பாண்ட்ஸ்மித் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 1988ல் ‘சைபர்பங்க்’ என்ற மேசை விளையாட்டை வெளியிட்டார். நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நகர்த்திக்கொண்டு போகும் ஆட்டம் அது. வருங்காலத்து நகரம். காசிருந்தால் கண்ணை எடுத்துவிட்டுக் கேமரா வைத்துக்கொள்ளலாம். நல்ல கையைக் கழற்றிவிட்டு உலோகக் கை பூட்டிக்கொள்ளலாம். ஆனால் பூட்டுகிற ஒவ்வோர் உறுப்புக்கும் ‘மனிதம்’ என்ற கணக்கிலிருந்து புள்ளி கழியும். பத்துப் புள்ளி கழிந்தால் பிறர் துன்பத்தை உணரும் திறனில் ஒன்று குறையும். அது பூஜ்யத்தைத் தொட்டதும் பாத்திரத்துக்குப் பித்துப் பிடித்துவிடும். ஆட்டக்காரர் கையிலிருந்தும் அது பறிபோய்விடும். இந்தக் கற்பனை நோயின் பெயர் சைபர்சைக்கோசிஸ். 2020 டிசம்பரில் வந்த ‘சைபர்பங்க் 2077’ கணினி விளையாட்டும், 2022 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘எட்ஜ்ரன்னர்ஸ்’ அனிமே தொடரும் இந்தப் பெயரை உலகெங்கும் கொண்டுசேர்த்தன. தமிழ்நாட்டில் கல்லூரி விடுதிகளில் இரவெல்லாம் விளையாடும் பையன்களுக்கும் இன்று இது தெரிந்த சொல்தான்.

முதல் அட்டவணை உடம்பிலிருந்து போனதற்குக் கழிக்கிறது. இரண்டாவது, உடம்பில் ஏறியதற்குக் கழிக்கிறது. முதலாவதில் மனசுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. இரண்டாவதில் மனசு மட்டுமே கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறபோதுதான், உலோகமும் உடம்பும் சேருமிடத்தில் மனத்துக்கு உண்மையில் என்ன நேர்கிறது என்ற கேள்வி சரியாக எழுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சைபர்சைக்கோசிஸ் என்று ஒரு நோய் இல்லை. கருவி பொருத்திக்கொண்டதாலேயே ஒருவர் கொலைகாரர் ஆனதாக மருத்துவ நூல் எதுவும் சொல்லவில்லை. அதற்காக இதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. உறுப்பு போனவர்கள், உறுப்புக்குப் பதில் கருவி வைத்துக்கொண்டவர்கள், மூளைக்குள் மின்கம்பி செருகிக்கொண்டவர்கள் என்று மூன்று தலைமுறை மனிதர்களின் அனுபவம் மருத்துவத்தில் சேர்ந்திருக்கிறது. அதில் ஒரு பங்கு தமிழ் மண்ணில் சேர்ந்தது என்பது பலர் அறியாதது.

கதைக்குள்ளேயே விரிசல்கள் உண்டு. 2020ல் வந்த ‘சைபர்பங்க் ரெட்’ பதிப்பில், இழந்த உறுப்புக்கு ஈடாக வைக்கும் சாதாரண மருத்துவக் கைக்கும் காலுக்கும் மனிதப் புள்ளி கழியாது என்று விதி வந்தது. மருத்துவரிடம் போய்ப் பேசிச் சிகிச்சை எடுத்தால் போன புள்ளிகளை மீட்கவும் வழி செய்தார்கள். கணினி விளையாட்டில் ரெஜினா ஜோன்ஸ் என்ற பாத்திரம் பதினேழு நோயாளிகளைத் தேடும் வேலையைத் தருகிறாள். கொல்லாமல் பிடித்துக் கொண்டுவா என்கிறாள். ஒவ்வோர் இடத்திலும் கிடைக்கும் கடிதங்களையும் குறிப்புகளையும் பொறுமையாகப் படிக்கும் ஆட்டக்காரருக்கு ஒன்று பிடிபடும். இரும்பு ஏறுவதற்கு முன்பே அவர்களில் பலருடைய வாழ்க்கை நொறுங்கியிருக்கிறது. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் அவர்களில் இருக்கிறார்கள். கதையை எழுதியவர்களே நோய்க்கு உலோகம் மட்டும் காரணமா என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

தமிழ் வெகுஜனக் கற்பனையில் இதற்கு மிக நெருங்கி வருவது 2010ல் வந்த ‘எந்திரன்’. சிவப்புச் சிப்பைச் செருகியதும் சிட்டி என்ற எந்திர மனிதன் அழிக்கக் கிளம்புகிறான். தீமை ஒரு பாகத்தில் இருக்கிறது, கழற்றினால் போய்விடும் என்ற நம்பிக்கைதான் அங்கேயும். நம் பழங்கதையோ நேர் எதிர்த் திசையில் போகிறது. இரவில் நகர்சோதனைக்குப் போன பாண்டியன் கீரந்தை என்பவன் வீட்டுக் கதவைத் தட்டிவிடுகிறான். கீரந்தையின் மனைவிமீது பழி வந்துவிடக்கூடாதென்று தெருவில் எல்லாக் கதவையும் தட்டிவிட்டு ஓடுகிறான். மறுநாள் சபையில் குற்றவாளி தானே என்று சொல்லிக் கையை வெட்டிக்கொள்கிறான். சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வமும் கண்ணகிக்கு இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறது. பொன்னால் செய்த கை பூட்டிக்கொண்டு ‘பொற்கைப் பாண்டியன்’ ஆனவன், மனிதம் குறைந்தவனாக யாருக்கும் தெரியவில்லை. நீதி தவறாதவன் என்பதற்கு அந்தக் கையே அடையாளமாக நின்றது.

‘சைபார்க்’ என்ற சொல்லின் பிறப்பிலேயே பித்தின் நிழல் இருக்கிறது. 1960 செப்டம்பரில் மான்ஃபிரட் கிளைன்ஸும் நேதன் கிளைனும் ஒரு விண்வெளி இதழில் எழுதிய கட்டுரைதான் அந்தச் சொல்லைப் பரப்பியது. பூமியைப் போன்ற காற்றை விண்கலத்துக்குள் தூக்கிக்கொண்டு போவதற்குப் பதில், மனித உடம்பையே கருவிகளால் விண்வெளிக்கு ஏற்றபடி மாற்றினால் என்ன என்று கேட்டார்கள். கிளைன் ஒரு மனநல மருத்துவர். நியூயார்க்கின் ராக்லண்ட் அரசு மனநல மருத்துவமனையில் ஆராய்ச்சி செய்தவர். அதனால் அந்தக் கட்டுரையில் மனப்பிறழ்வுக்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. நீண்ட பயணத்தில் ஒருவருக்குப் பித்துப் பிடிக்க வாய்ப்புண்டு. தனக்கு நோய் என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே உடம்பில் பொருத்திய குப்பியிலிருந்து மருந்தை, பூமியில் இருப்பவர் தூரத்திலிருந்தோ, உடன் பயணிப்பவரோ செலுத்த ஏற்பாடு வேண்டும் என்கிறது கட்டுரை.

அந்தக் குப்பிக்கு அவர்கள் சொன்ன மருந்துகளில் ஒன்று ரிசர்பின். நம்மூர் சர்ப்பகந்தாவின் வேரிலிருந்து 1952ல் பிரித்தெடுத்த மருந்து. கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு இந்திய மருத்துவர்கள் 1931லேயே அந்த வேர் பித்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் கேட்கிறது என்று எழுதிவிட்டார்கள். உலகின் முதல் சைபார்க் காகிதத்தில் பிறந்தபோதே அவன் இடுப்பில் ஒரு நாட்டு மூலிகை கட்டப்பட்டிருந்தது.

உறுப்புக்கும் மனத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆழமான பாடம் கிடைத்த இடம் வேலூர். காக்களூரிலிருந்து ரயிலில் இரண்டு மூன்று மணி நேரத் தூரம்.

பால் பிராண்ட் 1914ல் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி உதிர்கின்றன என்றுதான் அப்போது மருத்துவ உலகமே நம்பியது. ஒருநாள் சாமான் அறையின் துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன், நோயாளிதான், சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். இவ்வளவு சின்னக் கைக்கு இத்தனை பலமா என்று பிராண்ட் வியந்து பார்க்கிறபோது தரையில் ரத்தச் சொட்டு. பையனின் விரலைப் பிரித்துப் பார்த்தால் எலும்பு தெரிகிற அளவுக்குச் சாவி அறுத்திருக்கிறது. பையனுக்குத் தெரியவே இல்லை.

அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. ஒவ்வொரு நோயாளியின் ஒவ்வொரு காயத்துக்கும் பிராண்ட் காரணம் தேடினார். அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியது, செருப்புக்குள் ஆணி ஏறியது தெரியாமல் நாள் முழுக்க நடந்தது. இரவில் விரல் காணாமல்போன சிலரைக் கவனித்தபோது, தூக்கத்தில் எலி கடித்துத் தின்றது தெரியவந்தது. அதன்பின் வேலூரில் சிகிச்சை முடிந்து ஊருக்குப் போகிறவர்களுக்குப் பூனைக்குட்டி கொடுத்து அனுப்பினார்கள். நோய் தின்றது நரம்பை. விரலைத் தின்றது வலியின்மை.

ஆனால் அவரை அதிகம் கலங்கடித்தது வேறு. உணர்ச்சி போன கையையும் காலையும் நோயாளிகள் தங்களுடையது என்று நினைப்பதையே விட்டிருந்தார்கள். கை ஒரு கரண்டி மாதிரி, கால் ஒரு கட்டை மாதிரி. தன்னோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சாமான். அதற்கு அடிபட்டால் ‘எனக்கு’ அடிபட்டதாகத் தோன்றுவதில்லை. அதனால் காப்பாற்றவும் தோன்றுவதில்லை. ‘நான்’ என்பதன் எல்லை, வலி தெரிகிற இடத்தோடு நின்றுவிடுகிறது. கற்பனை நோய் எதை உலோகத்தின் தலையில் கட்டியதோ, அதை பிராண்ட் ஒரு துளி உலோகமும் இல்லாத சதையில் கண்டார்.

1966ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபின் அவர் செய்த பரிசோதனை இன்னும் முக்கியமானது. போன வலியைக் கருவியால் திரும்பக் கொடுக்க முயன்றார். கையுறையில் அழுத்தம் அறியும் உணரிகள். ஆபத்தான அழுத்தம் வந்தால் காதில் ஓர் ஒலி. நோயாளிகள் ஒலியைக் கேட்டுக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார்கள். விளக்கை எரியவைத்துப் பார்த்தார்கள். அதையும் யாரும் மதிக்கவில்லை. கடைசியில், இன்னும் உணர்ச்சி மிச்சமிருந்த அக்குளில் மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். நோயாளி என்ன செய்தார்? ஆபத்தான வேலையைச் செய்வதற்குமுன் ஸ்விட்சை அணைத்தார். வேலை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார். அணைக்க முடிகிற வலி வலியே ஆகாது என்பதை ஒப்புக்கொண்டு பிராண்ட் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். 2003ல் அவர் இறந்தார். பூட்டிக்கொண்ட கைக்கு உணர்ச்சி கொடுக்க, வெட்டுண்ட நரம்பிலேயே மின்முனை பொருத்தும் இன்றைய ஆய்வுகளுக்கெல்லாம் அந்தத் தோல்வி முன்னோடி. தொடுகிற உணர்வு திரும்பிய நோயாளிகள், பொருத்திய கையை ‘என் கை’ என்று பேசத் தொடங்குவதை அந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்கின்றன.

வேலூரில் இன்னொருவரையும் சொல்லவேண்டும். மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் 1954ல் நடந்த ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966ல் அங்கே மறுவாழ்வு மருத்துவ நிலையம் ஒன்றை உருவாக்கினார். நாற்காலி அவர் உடம்பின் பாகமாகி எத்தனையோ ஆண்டுகள் வாழ்ந்தார்.

உறுப்பு போனபின்னும் அது இருப்பதாக உணர்வதை 1871ல் அமெரிக்க மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல் ‘பேய் உறுப்பு’ என்றார். அதன் புதிரை அவிழ்த்தவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர். 1951ல் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். கலிபோர்னியாவில், கை இழந்த ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டிவிட்டுக் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டார். இல்லாத கட்டை விரலைத் தொடுகிறீர்கள் என்றார் இளைஞர். மூளையில் கைக்கான இடமும் முகத்துக்கான இடமும் அடுத்தடுத்த மனை. கையிலிருந்து சேதி வராமல் காலியாகக் கிடந்த மனையை முகம் ஆக்கிரமித்துக்கொண்டது.

இல்லாத கை இறுக மூடிக்கொண்டு, நகம் உள்ளங்கையில் பதிந்து வலிக்கிறது என்பார்கள் பலர். விரித்துவிடலாமென்றால் விரிக்கக் கை இல்லை. ராமச்சந்திரன் ஓர் அட்டைப்பெட்டியின் நடுவே நிலைக்கண்ணாடியை நிறுத்தினார். இருக்கிற கையை ஒரு பக்கம் நுழைத்தால், கண்ணாடியில் போன கை திரும்பி வந்தது போலத் தெரியும். இருக்கிற கையை மெல்ல விரிக்க, கண்ணாடிக்குள் மற்றதும் விரிகிறது. சிலருக்கு வருஷக்கணக்கான பிடிப்பு அந்த இடத்திலேயே விட்டது. எல்லோருக்கும் பலிக்கவில்லை, பின்னால் வந்த ஆய்வுகளின் முடிவு கலவையாகவே இருக்கிறது. என்றாலும் கடைத்தெருவில் வாங்குகிற கண்ணாடி போதும் என்கிற சிகிச்சை அது. விபத்துப் பிரிவு உள்ள எந்த மருத்துவமனையிலும் செய்துபார்க்கலாம். உறுப்பு இழந்தோரில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பேய் உறுப்பு வலி உண்டு என்கிறபோது, தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளில் அந்தக் கண்ணாடி ஏன் இல்லை என்று கேட்பது நியாயம்.

கருவி மனத்தை மாற்றவே மாற்றாது என்று வாதிடுவதும் தவறு. மாற்றுகிற இடங்கள் உண்டு. பார்க்கின்சன் நோய்க்கு மூளையின் ஆழத்தில் மின்முனை வைத்துத் தூண்டும் சிகிச்சை 1987ல் பிரான்சின் கிரெனோபிளில் தொடங்கி, இன்று இந்தியாவிலும் நடக்கிறது. 2004ல் நெதர்லாந்து மருத்துவர்கள் 62 வயது நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார்கள். கருவி ஓடினால் அவர் நடக்கிறார். ஆனால் கட்டுக்கடங்காத வெறிக்களிப்பு. கருவியை நிறுத்தினால் மனம் தெளிகிறது. உடம்பு படுக்கையில் விழுகிறது. இடைநிலை எதுவும் அமையவில்லை. நிறுத்திவைத்த தெளிவான நிலையில் அவரிடமே கேட்டார்கள். கருவி ஓடட்டும், மனநல விடுதியில் இருந்துகொள்கிறேன் என்றார். எந்த அறிவியல் புனைகதையும் இதைவிடக் கடினமான தேர்வை ஒரு பாத்திரத்தின் முன் வைத்ததில்லை.

இதயத் துடிப்பு தடம் புரண்டால் உள்ளேயே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய, நெஞ்சில் தோலுக்கடியில் வைக்கும் ஐ.சி.டி. கருவி இன்னோர் உதாரணம். அதை வைத்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பதற்றமோ மனச்சோர்வோ உண்டு. சிலர் நள்ளிரவில் அதிர்ச்சி அடித்ததென்று அலறி எழுந்து மருத்துவமனைக்கு ஓடுவார்கள். கருவியின் நினைவகத்தைப் பார்த்தால் அன்றிரவு அது ஒன்றுமே செய்திருக்காது. பேய் உறுப்பைப் போல இது பேய் அதிர்ச்சி. உயிரைக் காக்கும் பொருள் எப்போது அடிக்குமோ என்று காத்திருப்பதே ஒரு நோயாகிவிடுகிறது.

கருவியைக் கழற்றுவதால் வரும் கேடு பற்றிப் பேச்சே குறைவு. வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் மூளைக் கருவி ஒன்றை ஆஸ்திரேலியாவில் 15 பேருக்குப் பொருத்திப் பார்த்தார்கள். முடிவுகள் 2013ல் வெளியாயின. தயாரித்த நிறுவனத்திடம் பணம் தீர்ந்துபோனது. கருவிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர்களில் ஒரு பெண்மணி, வீட்டை அடமானம் வைத்தாவது அதை வாங்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். நடக்கவில்லை. டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தின் ஃபிரடெரிக் கில்பர்ட் அவரோடு பல ஆண்டுகள் பேசி எழுதியிருக்கிறார்: அவருக்கு அது கருவியாகவே இல்லை, தன்னில் ஒரு பகுதியாகிவிட்டிருந்தது, எடுத்தது ஓர் உறுப்பை வெட்டியதாகத்தான் பட்டது. அமெரிக்காவில் 2013ல் அனுமதி பெற்ற ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையும் அதே கதைதான். 350 பேருக்கு மேல் கண்ணுக்குள் வைத்துக்கொண்டபின் நிறுவனம் அந்தத் தயாரிப்பையே கைவிட்டது. பழுதானால் யாரிடம் போவது?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கு அந்நியமானதாகத் தோன்றலாம். ஆனால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காது கேட்கவைக்கும் காக்ளியர் கருவி வைக்கிற மாநிலம் இது. நாட்டுக்கே முன்மாதிரியான திட்டம். உள்ளே வைத்த பாகம் ஆயுளுக்கும் இருக்கும்படி செய்தது. காதுக்கு வெளியே மாட்டுகிற பாகம் அப்படியல்ல. வயர் அறுகிறது, காயில் பழுதாகிறது, பேட்டரி தீர்கிறது. வாரண்டி முடிந்தபின் தினக்கூலிக் குடும்பத்தில் அந்த வயர் வர ஒரு மாதம் ஆனால், அந்தப் பிள்ளை ஒரு மாதம் பேச்சுச் சத்தமே கேட்காமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். கேட்கவே தெரியாத பிள்ளையின் மௌனம் வேறு, கேட்டுப் பழகிய பிள்ளையின் மௌனம் வேறு.

உறுப்பிழப்பை மொத்தச் சமூகமாகச் சுமந்த தமிழர்கள் ஈழத்தவர்கள். கண்ணிவெடியும் எறிகணையும் கால்களை எடுத்த காலத்தில், 1987ல், யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கியது. ஜெய்ப்பூரில் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அறுபதுகளின் இறுதியில் உருவாக்கிய ரப்பர் பாதம் அங்கே வந்து சேர்ந்தது. அதை மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு வயலில் இறங்கலாம், சம்மணம் போடலாம், சைக்கிள் மிதிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் மனக்காயங்களைப் பற்றி 1998ல் ஒரு நூல் எழுதினார். அவர் எழுத்துகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, காயம் தனி ஆளோடு நிற்பதில்லை. குடும்பமும் ஊரும் சேர்ந்து குலைகின்றன, தேறுவதும் சேர்ந்துதான் என்பது. உறவும் தொழிலும் கோயில் திருவிழாவும் திரும்பக் கிடைத்தவர் ரப்பர் காலோடு நிமிர்ந்தார். எல்லாம் போனவர், இரண்டு கால் இருந்தும் எழவில்லை.

தமிழ்நாட்டின் பெரிய ஈழ அகதி முகாம்களில் ஒன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. அதே ஊரில்தான் உருக்காலைகளும் ரோலிங் மில்களும். போர் எடுத்த உறுப்பும் பொறி எடுத்த உறுப்பும் ஒரே ஊரின் தெருக்களில் எதிரெதிரே நடக்கின்றன.

பொறி எப்படி எடுக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்கவேண்டும். சின்னப் பட்டறைகளில் இன்றும் ஓடுவது பழைய கீ கிளட்ச் பவர் பிரஸ். பெரிய சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆபரேட்டர் தகட்டை டைக்குள் வைத்து, கையை எடுத்து, காலால் பெடலை மிதிக்க, ராம் இறங்கி வெட்டிவிட்டு ஏறும். கை, கால், கை, கால் என்று ஒரு தாளம். ஒரு ஷிப்டில் சில ஆயிரம் தடவை. ஓவர்டைமில், பன்னிரண்டாவது மணி நேரத்தில், கால் தாளத்தை முந்திவிடும். அல்லது கிளட்ச் சாவி தேய்ந்துபோய், மிதிக்காமலே ராம் இரண்டாம் தரம் இறங்கும். இறங்கத் தொடங்கிவிட்டால் இந்த வகைப் பிரஸ்ஸை நடுவில் நிறுத்த முடியாது. கை குறுக்கே வந்தால் நிறுத்தும் ஒளித்திரையை இதில் மாட்டியும் பயனில்லை. பெடலை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால்தான் ஓடும் என்று மாற்றலாம். டையைச் சுற்றிக் கூண்டு போடலாம். நிறுத்தக்கூடிய கிளட்ச் உள்ள பிரஸ் வாங்கலாம். இயந்திரத்துக்கு வேலி கட்டாயம் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவே சொன்னது. கூண்டு போட்டால் பீஸ் எண்ணிக்கை குறையும் என்று அதைக் கழற்றி மூலையில் வைக்கிறார்கள். இந்திய வாகன உதிரிபாகத் தொழிலில் விரல் இழப்பவர்களைப் பற்றி ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு 2019 முதல் வெளியிடும் அறிக்கைகளுக்கு ‘நசுங்கியவர்கள்’ என்று பொருள்படும் பெயர். மிகையில்லாத பெயர்.

விபத்துக்குப் பிறகு திருவள்ளூர், அங்கிருந்து சென்னை. சில வாரம் கட்டு. பிறகு பர்சன்டேஜ். செயற்கைக் கை வேண்டுமென்றால் மின்சார ரயில் பிடித்து, கே.கே. நகரில் இருக்கும் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்குப் போகவேண்டும். மிச்சக் கையைப் பாரிஸ் சாந்தில் அச்செடுப்பார்கள். காய்ந்ததும் உரித்து, அதில் மாதிரி வார்த்து, சாக்கெட் செய்வார்கள். இறுக்கினால் புண், தளர்ந்தால் நழுவல். முதல் வருஷத்தில் மிச்சக் கை சுருங்கிக்கொண்டே போகும் என்பதால் திரும்பத் திரும்ப வரவேண்டும். ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போகும்.

அந்தக் கை பெரும்பாலும் தோல்நிறக் கையுறை போட்ட, அசையாத கை. கண்ணுக்குக் கை, வேலைக்கு அல்ல. 2007ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 25 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, உலகெங்கும் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் செயற்கைக் கையைக் கைவிட்டுவிடுகிறார் என்று கண்டது. கால் விஷயத்தில் நம் நிலை மேல். சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான குழு உருவாக்கி 2022ல் அறிமுகமான ‘கதம்’ என்ற முழங்கால் மூட்டு, மேடுபள்ளமான நம் தரையை நினைத்துச் செய்தது. கைக்கு அப்படி ஒன்று இன்னும் பட்டறைத் தொழிலாளியிடம் வந்து சேரவில்லை.

உறுப்பு வெட்டுண்டபின் முதல் இரண்டு ஆண்டுகளில்தான் மனச்சோர்வு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சரியாக அந்த இரண்டு ஆண்டுகளில்தான் அந்த ஆள் ஆஸ்பத்திரிக்கும் இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறார். அத்தனை மேசைகளில் ஒன்றில்கூட ‘ராத்திரி தூங்குகிறாயா?’ என்ற கேள்வி படிவத்தில் இல்லை. சென்னை மாநகரில் 1794லேயே தொடங்கிய மனநல மருத்துவமனை உண்டு. மருத்துவர் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு உண்டு. கை போனவரை அங்கே அனுப்புவதற்கு ஒரு சீட்டு இல்லை. அனுப்பினாலும் போவாரா? மூளைக் கோளாறு என்று பெயர் வந்தால் மிச்சமிருக்கும் வேலையும் போகுமென்ற பயம். நம் ஊரில் இரும்புக்கும் பித்துக்கும் இருந்த பழைய உறவு சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகும் அந்தப் பயம் முழுதாகப் போய்விடவில்லை.

வலது கை போனவருக்கு இங்கே இன்னொரு துன்பம் உண்டு. வெளிநாட்டு ஆய்வுக் கேள்வித்தாள்களில் அது இருக்காது. சாப்பாடு. உலகச் சந்தையில் கிடைக்கும் செயற்கைக் கைகள் கரண்டியும் முள்ளும் பிடிக்க வடிவமைத்தவை. சுடுசோற்றில் ரசத்தை ஊற்றி, விரல் நுனியால் சூடு பார்த்து, நான்கு விரலும் கட்டை விரலும் சேர்ந்து பிசைந்து, கவளமாக்கி வாய்க்குத் தள்ளுவதற்கு ஒரு கையும் கிடையாது. இடது கையால் சாப்பிட வீட்டில் பழகிக்கொள்ளலாம். கல்யாணப் பந்தியில் என்ன செய்வது? மொய்க்கவரை எந்தக் கையால் நீட்டுவது, பூசாரி தரும் விபூதியை எந்தக் கையில் வாங்குவது? கடைசிப் பந்திக்குக் காத்திருந்து, சுவரோர இலையில் உட்கார்ந்து, வலது பக்கம் துண்டால் மூடிக்கொண்டு, ஸ்பூன் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. கேட்கக் கூச்சப்பட்டு, கவரை வேறொருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டுக் கல்யாணத்துக்கே போகாதவர்களும் உண்டு. தோல்நிறக் கை அன்றைக்கு வீட்டில், சட்டைக்குப் பக்கத்து ஆணியில், துணிப்பைக்குள் தொங்கிக்கொண்டிருக்கும்.